ஒரே பாவில் மூன்று புடவை

"ஒரே பாவுல மூணு புடவை நெய்றாங்கல்ல, அந்த மாதிரிதான்பா," என்றார் கேபிள்காரர். அவரும் நெசவுக் குடும்பம்தான். தறியில் ஏற்றும் நீள நூல்தான் பாவு. ஒரு பாவில் மூன்று புடவை எடுப்பது எங்கள் ஊர் வழக்கம். மூன்றும் முழுப் புடவை. ஒன்றால் இன்னொன்று விரற்கடைகூடக் குறையாது. தெருமுனை வரை இன்டர்நெட் பைபர் வந்துவிட்டது, அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் பங்கு லைன் என்று அவர் சொன்னதும், தனி லைன் வீண் என்று நானும் தலையாட்டினேன்.

அப்போது நான் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துப் புடவைக்கு டிசைன் போட்டுக்கொண்டிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை, சென்னைக் கடை ஒன்று கல்யாணப் புடவை டிசைனை மாலைக்குள் கேட்டிருந்தது. போய்ச் சேராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். மதியமே அனுப்பத் தொடங்கினேன். பைல் ஆமை வேகத்தில் நகர்ந்தது. எவன் சினிமா இறக்குகிறானோ என்று திட்டிக்கொண்டே, கொஞ்ச நேரம் நிறுத்தச் சொல்ல அடுத்த வீட்டுக்குப் போனேன்.

அந்த வீட்டு அக்கா திரையை ஒட்டி நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மகனுக்கு துபாயில் வேலை; வெள்ளிக்கிழமைதான் லீவு. திரையில் அவன் பாதி திறந்த வாயோடு உறைந்திருந்தான்.

"இப்பதான் நல்லா பேசிக்கினு இருந்தான் தம்பி. திடீர்னு நின்னுடுச்சு. போன வெள்ளிக்கிழமையும் இப்டிதான்."

போன வெள்ளிக்கிழமையும் நான் ஒரு பைல் அனுப்பியிருந்தேன். ஒரு பாவில் புடவைகளை ஒன்றன்பின் ஒன்றாகத்தான் நெய்வார்கள். இங்கே தெருவே ஒரே நேரத்தில் நெய்துகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து தறிச் சத்தம் கேட்கிறவனுக்கு இது அதுவரை உறைக்கவில்லை. கேட்க வந்ததைக் கேட்கவில்லை. வெட்கமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து பைலை நிறுத்தினேன். பெரிய தியாகமெல்லாம் இல்லை. அந்தப் பாதி வாய் கண்ணைவிட்டுப் போகவில்லை. சற்று நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா சிரிப்பது கேட்டது. சென்னைக் கடை வேறு ஆளைப் பார்த்துக்கொண்டது. சில நாள் எரிச்சலாகவே திரிந்தேன். பிறகு தனி லைன் இழுத்தேன்.

அடுத்த மாதம் அக்கா வாசலில் நிறுத்தினார்.

"இப்பல்லாம் பையன் நிக்கறதே இல்ல தம்பி. எங்க லைன மாத்திட்டாங்க போல இருக்குது. உன் வீட்டுக்கும் மாத்தச் சொல்லுபா, தொழிலுக்கு ஆவும்."

"சொல்றேன்க்கா," என்றேன்.