மந்திரி விட்டுப்போன வேலை

லான்செஸ்டன் ஊரின் ஹார்க்னஸ் புத்தகக் கடையில் நிரந்தர வேலை கிடைத்ததுதான் நரேல் செய்த பாவம். கிறிஸ்துமஸ் நெரிசலுக்குத் தற்காலிகமாக எடுத்த இரண்டு பெண்களில் ஒருத்திக்குத்தான் இடம் என்றார்கள். நரேலை வைத்துக்கொண்டு டெனீஸை அனுப்பினார்கள். போனவள் சும்மா போனாளா? தொழிற்சங்கம், கட்சி, தலைநகர் கான்பெரா என்று ஏறிக்கொண்டே போய் மந்திரியாகிவிட்டாள். முப்பது வருஷமாக நரேல் அதே கல்லாவில்.

டிவியில் டெனீஸ் வந்தால் நரேலுக்கு வயிறு எரியும். புருஷன் கிளைவ் வேறு எண்ணெய் ஊற்றுவான். "அன்னைக்கு நீ தோத்திருந்தா இன்னைக்கு நான் மந்திரி புருஷன்!"

டெனீஸ் தன் வாழ்க்கைக் கதையை எழுதினாள். வெளியீட்டு விழாவுக்கு ஹார்க்னஸ் தலைமை அலுவலகம் அதே கிளையைத்தான் பிடித்தது. பக்கத்தில் நின்று, அவள் கையெழுத்துப் போட ஒவ்வொரு புத்தகமாகத் திறந்து கொடுக்கும் வேலை நரேலுக்கு. தலையெழுத்தைப் பாருங்கள்!

"இந்தக் கடை என்னைத் துரத்தலேன்னா இன்னும் இந்தக் கல்லாவுலதான் நின்னுட்டிருப்பேன்!" என்றாள் டெனீஸ். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நரேல் முகத்தை எங்கே வைத்துக்கொள்வாள்?

கூட்டம் கலைந்ததும் டெனீஸ் மீதிப் புத்தகங்களிலும் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தாள். நரேல் புத்தகக் கட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அஞ்சுல போடு, போதும். கையெழுத்துப் போட்டதைப் பதிப்பகம் திருப்பி எடுக்காது. விக்காததை நான் யார் தலையில கட்டுறது?"

மேலாளர் கெவினுக்கு மூச்சே நின்றுவிட்டது. டெனீஸ் மட்டும் சிரித்தாள்.

"என் மேல என்னடி கோபம்?"

"கோபப்பட வேண்டியவ நீ. உன் வேலையத்தான நான் பறிச்சேன்?"

கேட்டே விட்டாள். டெனீஸும் எரிந்திருக்க வேண்டும். அதை அவள் வாயால் ஒரு தடவை கேட்டால் போதும். இத்தனை வருஷமும் நரேலுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

"எரிஞ்சேன்டி. அழுதுகூட இருக்கேன்," என்றாள் டெனீஸ்.

நரேலுக்கு வயிறு குளிர்ந்துபோனது. "எவ்வளவு நாள்?"

"அந்தக் கோடை முழுக்க. அப்புறம் மறந்துட்டேன். தப்பா நினைக்காத, இன்னைக்குக்கூட உன் சட்டையில குத்தியிருக்கிற பேரைப் பாத்துத்தான் யாருன்னே தெரிஞ்சுது."

திட்டியிருந்தால்கூட நரேல் தாங்கியிருப்பாள். ஐந்து புத்தகங்களை எண்ணி முன்னால் வைத்தாள்.