பொட்டோடு நின்ற மரம்

அந்த இரும்புப் பட்டறையில் அவனுக்குப் பொட்டு என்று பெயர். இரண்டு கம்பிகளைச் சேர்ப்பதற்கு முன் ஒரு துளி வெல்டிங் வைத்துப் பார்ப்பார்கள், அதுதான் பொட்டு. சரியில்லை என்றால் சுத்தியலால் ஒரு தட்டு, உதிர்ந்துவிடும். சரியாக இருந்தால் இணைப்பு முழுக்க வெல்டிங்கை ஓட்டிவிடுவார்கள். இவன் மட்டும் ஓட்டமாட்டான். வைப்பான், தள்ளி நின்று பார்ப்பான், தட்டிவிடுவான்.

பட்டறை அக்காளின் கணவருடையது. மச்சானுக்குத் தெரிந்தது ஒரே கேட்: இடது கதவில் பாதிச் சூரியன், வலது கதவில் மீதிச் சூரியன். அடித்து அடித்து இவனுக்குச் சூரியனைக் கண்டாலே குமட்டியது.

மூலைவீட்டு டீச்சர் கேட் செய்யச் சொல்லி வந்து, "புதுசா ஏதாவது போடுங்களேன்" என்று சொல்ல, "நான் பண்றேன்" என்று முந்திக்கொண்டான். சொன்ன மறுகணமே ஏன் சொன்னோம் என்று இருந்தது. கையோ சும்மா இருக்கவில்லை. காற்றில் சாய்கிற ஒரு மரத்தைக் கம்பியில் வளைத்துப் பொட்டு வைத்தான். அடிமரம் ஒரு கதவில், கிளையெல்லாம் மறு கதவில்.

சாயங்காலம் மச்சான் வந்து இடுப்பில் கைவைத்து நின்றார்.

"என்னடா இது, பேய் தலைவிரிச்சு ஆடுது?"

"மரம், மச்சான்."

"ஒரு கதவு மொட்டை, ஒரு கதவு பரட்டை. புருஷன் பொண்டாட்டி சண்டை போட்டுட்டு ஆளுக்கொரு பக்கம் மூஞ்சியத் திருப்பின மாதிரி இருக்கு."

"உங்க வீட்டைப் பார்த்துதான் போட்டேன்."

வாய் நழுவிவிட்டது. மச்சானின் முகம் கறுத்தது.

"எடுடா சுத்தியலை. எல்லாத்தையும் தட்டு. காலையில அந்தம்மா வருது, சூரியனையே மாட்டிக் கொடுத்துடலாம். இனிமே புதுசு கிதுசுன்னு இரும்பைத் தொட்டே, மச்சினன்னும் பார்க்கமாட்டேன்."

அவன் தட்டினான். ஒரு கிளை சிமெண்டுத் தரையில் ணங்கென்று விழுந்தது. அப்பாடா என்று இருந்தது அவனுக்கு. இனி யாரும் இதைப் பார்த்துச் சிரிக்கப் போவதில்லை. அந்த நிம்மதியை உணர்ந்ததும், மச்சான்மேல் இருந்ததைவிடத் தன்மேல் அதிக வெறுப்பு வந்தது.

சுத்தியலை வீசினான். விழுந்த கிளையை எடுத்துப் பொருத்தினான். முகமூடியை இறக்கினான். ஓட்டத் தொடங்கினான்.

"டேய்! ஓட்டாதேடா! அப்புறம் பிரிக்க முடியாதுடா!"

வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் மச்சான் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, சுவரையே திட்டினார். கடைசிக் கிளைவரை ஓட்டிய பிறகுதான் இவன் நிமிர்ந்தான்.

"நான் மாட்டித் தரமாட்டேன். நீயே தலையில தூக்கிட்டுப் போ. அந்தம்மா காறித் துப்பினா உன் மூஞ்சியிலயே துப்பட்டும்."

"துப்பட்டும்."

மச்சான் போன பிறகும் முகமூடியைக் கழற்றாமல் நின்றான். பிறகு மெல்ல அதை மேலே தூக்கிப் பார்த்தான். விழுந்து எழுந்த அந்தக் கிளை கோணலாகத்தான் பிடித்திருந்தது. இனி அதைத் தட்ட வழியில்லை.