நாற்பத்தேழாம் நம்பர் பவழம்

கடலை நான் மொத்தமே இரண்டு முறைதான் பார்த்திருக்கிறேன். இரண்டு முறையும் கால் நனைத்ததோடு சரி. அப்படிப்பட்ட நான் மூன்று வருஷமாகக் கடலுக்கடியில்தான் சம்பாதிக்கிறேன்.

ஆபீஸ் கிரிவல மலைக்குப் பக்கத்து வேங்கிக்காலில், ஒரு செல்போன் கடையின் மாடியில். பத்துக் கம்ப்யூட்டர், ஒரு ஏசி. தெற்கே கடலுக்குள் பவழப்பாறைகளின் மேல் கேமரா வைத்திருக்கிறார்கள். அது எடுக்கும் படங்கள் ஒரு மாதம் பிந்தி எங்களுக்கு வரும். படத்தில் எது உயிருள்ள பவழம், எது வெளுத்தது, எது செத்தது, எது குப்பை என்று கட்டம் போட்டுப் பேர் கொடுக்க வேண்டும். அதைப் பார்த்துப் பார்த்துக் கம்ப்யூட்டர் தானாகக் கற்றுக்கொள்ளுமாம். பவழம் கல் இல்லை, உயிர் என்பதே எனக்கு இங்கே வந்துதான் தெரியும்.

எங்களுக்கு மேலே ஒரு சூப்பர்வைசர், என்னைவிடப் பத்து வயது இளையவர். நான் அவரைத் தம்பி என்பேன், கோபம் வந்தால் மட்டும் சார் என்பேன். எங்கள் தப்புகளை அவர் ஒரு நோட்டில் பேனாவால் எழுதி வைப்பார். மூன்று பெரிய தப்பு சேர்ந்தால் பவழம் போய்விடும். பார்க்கிங் படங்களில் கார் எது, ஆட்டோ எது என்று கட்டம் போடும் பழைய வேலைக்குத் திரும்ப வேண்டும். அதை நினைத்தாலே எனக்குக் கொட்டாவி வரும்.

முதல் தப்பு ஒரு சித்ரா பௌர்ணமிக்கு மறுநாள். கிரிவலக் கூட்டம் விட்டுப்போன கப்பும் கவரும் ரோடெல்லாம் கிடந்தன. அதே கண்ணோடு வந்து உட்கார்ந்தால், படம் முழுக்க இளஞ்சிவப்பு உருண்டைகள் மிதக்கின்றன. தெர்மாகோலைத் தவிர வேறென்ன? நாற்பது படத்துக்கும் ‘குப்பை’ என்று போட்டுத் தள்ளினேன். கடற்கரையில் இருக்கும் ஆராய்ச்சிக்கார அம்மாவிடமிருந்து உடனே குறிப்பு வந்தது. அவை பவழத்தின் முட்டைகளாம். வருஷத்தில் ஒரு தடவை, பௌர்ணமியை ஒட்டி, அக்கம்பக்கத்துப் பவழமெல்லாம் சொல்லி வைத்தாற்போல விடுமாம். ஒவ்வொரு உருண்டையிலும் முட்டையும் இருக்கும், விந்தும் இருக்கும். மேலே போய் உடைந்து, வேறொரு பவழத்தினுடையதோடு சேர்ந்து, குஞ்சாகி, சில நாள் நீந்தி அலைந்து, கெட்டியான இடம் பார்த்து ஒட்டிக்கொள்ளும். பௌர்ணமி என்றதும் ஆபீசே சிரித்தது.

“அதுங்களும் நம்மூருதான் போலக்கா,” என்றார் தம்பி. சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதவும் செய்தார். என் புண்ணியத்தில் எங்கள் பட்டியலில் ‘முட்டை’ என்று ஒரு புதுப் பேர் சேர்ந்தது.

இரண்டாவது தப்பைப் பற்றி ஜாஸ்தி பேச வேண்டாம். கல் மாதிரி உட்கார்ந்திருந்த ஒரு மீனைப் பவழம் என்று போட்டேன். அடுத்த படத்தில் பவழம் இடம் மாறியிருந்தது.

அந்த நிலைமையில்தான் நாற்பத்தேழு வெளுத்தது. ஒவ்வொரு பவழத்துக்குப் பக்கத்திலும் நம்பர் தகடு அடித்திருப்பார்கள். நாற்பத்தேழு மான்கொம்பு மாதிரிக் கிளை விட்டது, பழுப்பு நிறம், நுனியெல்லாம் ஊதா. வலைத்துண்டு சிக்கி ஒரு கொம்பு ஒடிந்ததையும், ஒடிந்த இடத்தில் மறுபடி துளிர்த்ததையும் பார்த்திருக்கிறேன். எனக்கு அதைப் பிடித்துப்போயிற்று, அவ்வளவுதான்.

அந்தக் கோடையில் இங்கே வெயில் மண்டையைப் பிளந்தது. அங்கே கடலும் சுட்டிருக்கிறது. பவழத்துக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி குடியிருக்கும். நிறம் கொடுப்பதும் அதுதான், பெரும்பாலும் சோறு போடுவதும் அதுதான். தண்ணீர் சூடேறினால் பவழம் அந்தப் பாசியையே வெளியே துரத்திவிட்டு வெளுத்துப்போய் நிற்கும். அக்னி நட்சத்திரத்தில் நானும் அப்படித்தான், சமைத்துப் போடுகிற கணவரிடமே எரிந்து விழுவேன். வெளுத்தது என்றால் செத்தது இல்லை. வேறொரு முரட்டுப் பாசி மேலே படர்ந்து மூடினால்தான் கதை முடிந்தது.

ஆடியில் வந்த படத்தில் நாற்பத்தேழு பச்சையாக மூடிக் கிடந்தது. ‘செத்தது’ என்று போட்டால் லிஸ்டிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்புறம் படமே வராது. பெரிசு பண்ணிப் பண்ணிப் பார்த்தேன். தகட்டின் நிழலில், அடிக்கிளையில், கட்டைவிரல் அகலத்துக்கு மட்டும் பாசி ஏறவில்லை. ‘வெளுத்தது’ என்று போட்டேன்.

“அக்கா, பாதிக்கு மேல பாசி ஏறிட்டா செத்ததுனு போடணும். ரூல்ல இருக்குது.”

“நெழல்ல பாருங்க. அங்க உயிரு இருக்குது.”

“அது கேமரா வெளிச்சம்க்கா. தப்பா இருந்தா உங்களுக்கு மூணாவது. அப்புறம் காருதான், பார்த்துக்கோங்க.”

“நான் மாத்த மாட்டேன், சார்.”

சார் என்றதும் அவர் படத்தை ஆராய்ச்சிக்கார அம்மாவுக்கு அனுப்பிவிட்டார். பதில் வரப் பத்து நாள் ஆயிற்று. நான் போய்விட்டால் அந்தக் கட்டைவிரல் இடத்தை வேறு யார் தேடிப் பார்ப்பார்கள் என்பதுதான் என் பயம்.

“சந்தேகம்தான். லிஸ்டில் இருக்கட்டும், பார்ப்போம்,” என்று வந்தது பதில். சரி என்றும் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. தம்பி யோசித்துவிட்டு, என் மூன்றாவது தப்பைப் பென்சிலால் எழுதி வைத்தார்.

கார்த்திகையில் அந்த இடம் லேசாகப் பழுப்பேறியது. நான் போட்ட சத்தத்தில் கீழேயிருந்து செல்போன் கடைக்காரர் ஓடி வந்தார். “நெறம் வந்தா போதுமா? நல்லா தேறட்டும்க்கா,” என்றார் தம்பி. பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. மறு வருஷம் மற்றவையெல்லாம் முட்டை விட்டன, நாற்பத்தேழு விடவில்லை. பென்சில் எழுத்தும் போகவில்லை.

இந்த வருஷம் முட்டைப் படங்கள் வந்த அன்று சித்ரா பௌர்ணமி. கூட்டம் சேர்ந்துவிட்டால் பஸ் நகராது என்று மத்தியானமே எல்லாரும் கிளம்பினார்கள். கடைசியாக ஒன்றைத் திறப்போம் என்று நாற்பத்தேழைத் திறந்தேன். கட்டைவிரல் இடம் இப்போது உள்ளங்கை அகலம். அதில் பொட்டுப் பொட்டாகப் பவழத்தின் வாய்கள், வாய்க்கு ஒன்றாக இளஞ்சிவப்பு உருண்டை, இதோ விடப்போகிறேன் என்று பிடித்துக்கொண்டு நின்றது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சிரிப்பும் வந்தது.

ஒவ்வோர் உருண்டைக்கும் தனித்தனியாகக் கட்டம் போட ஆரம்பித்தேன். முட்டை. முட்டை. முட்டை.

பையை மாட்டிக்கொண்டு தம்பி பின்னால் வந்து நின்றார். “எல்லாத்துக்கும் சேர்த்து ஒரே கட்டம் போதும்க்கா. ரூல்ல இருக்குது.”

“தெரியும் தம்பி.”

குனிந்து, படத்தில் தகட்டின் நம்பரைப் பார்த்தார். பிறகு பையை இறக்கி வைத்துவிட்டு, மேசையிலிருந்து நோட்டை எடுத்து வந்தார்.

“ரப்பர் இருக்குதாக்கா?” என்றார்.