குற்றாலத்தில் ஒரு குதிரைக்கு வயிறு அடைத்துக்கொண்ட நாள்

இந்த ஜூலை மாதம் நான் குற்றாலம் போனதற்குக் காரணம் ஒரு குதிரை மருத்துவ முகாம். எழுபத்திரண்டு வயதில், தனியாக, உனக்கு அங்கே என்ன வேலை என்று என் மகன் கேட்டான். கணவர் காலமான பிறகு நான் போகும் எல்லா ஊருக்கும் அவன் கேட்கும் கேள்விதான் இது. பதில் சொல்லும் வழக்கம் எனக்கில்லை. உங்களுக்குச் சொல்கிறேன்.

என் கடைசித் தம்பியின் மகள் மீரா கால்நடை மருத்துவம் படிக்கிறாள். படிப்பின் கடைசி ஓராண்டு, பல்கலைக்கழகப் போதனா மருத்துவமனையில் பயிற்சி மருத்துவராக வேலை பார்க்க வேண்டும். இப்போது அவளுக்குக் குதிரைப் பிரிவு. சாரல் பருவத்தில் சவாரிக் குதிரைகள் குற்றாலத்தில் கூடுவதால், மூன்று நாள் இலவச முகாம் போடுகிறார்கள். “வந்து பாருங்க அத்தை, அப்புறம் திட்டுங்க” என்றாள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அவள் சென்னையில் என் வீட்டில் தங்கித்தான் படித்தாள். உட்காரும் விதம், உண்ணும் விதம், பேசும் விதம் எல்லாம் என் வளர்ப்பு. அப்படி வளர்த்த பெண் மாட்டையும் குதிரையையும் தேர்ந்தெடுத்தபோது ஆறு மாதம் அவளோடு சரியாகப் பேசவில்லை. அதை மறைக்கப் போவதில்லை.

எழும்பூரிலிருந்து வியாழன் இரவு ரயில். கீழ்ப்படுக்கை கிடைத்தது, முதியோர் சலுகைப் படுக்கை என்று முன்பதிவிலேயே கேட்டு வாங்குங்கள். தென்காசி வரும்போது காலை 7.40. நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் மேற்கே மலை முழுவதும் மேகம். வெயில் இருக்கும்போதே முகத்தில் பூத்தூறல் விழுகிறது. குடையை விரித்தால் நனைவதில்லை, மடக்கினாலும் நனைவதில்லை. அப்படி ஒரு மழை.

குற்றாலத்துக்கு ஆறு கிலோமீட்டர். ஆட்டோக்காரர் 250 ரூபாய் கேட்டார். 200 என்று முடித்தேன்.

“எங்கன குளிக்கப் போறீய ஆச்சி? ஐந்தருவியா, பழைய குற்றாலமா?”

குளிக்க வரவில்லை, குதிரை பார்க்க வந்தேன் என்றேன். வண்டியை ஓட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்.

“குதிரையா! வாங்கவா, ஓட்டவா?”

“சாலையைப் பார்த்து ஓட்டுங்கள்” என்றேன். சிரித்துக்கொண்டே அறை வாசலில் இறக்கிவிட்டார். அறை நாளுக்கு 1,800 ரூபாய். பருவ காலத்தில் சனி, ஞாயிறு என்றால் இன்னும் ஏறுமாம். படுக்கை விரிப்பை மாற்றச் சொன்னேன், மாற்றினார்கள்.

பேரருவியை முதலில் பார்த்துவிட்டேன். ஆயிரம் படத்தில் பார்த்திருக்கிறேன். எதிலும் அதன் சத்தம் கிடையாது. சத்தம் காதில் கேட்பதற்கு முன் காலடித் தரையில் தெரிகிறது. பாறையின் மேல் பாதியைக் காணவில்லை; மேகத்திலிருந்து தண்ணீர் நேராக இறங்குவது போல் இருந்தது. இருபது நிமிடம் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி நின்றேன். புடவை முழுக்க நனைந்ததை அறைக்கு வந்த பிறகுதான் கவனித்தேன். அருவியைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்குத் தெரியாது.

பேரருவியிலிருந்து ஐந்தருவி ஐந்து கிலோமீட்டர். அந்தச் சாலையில், ஒரு தோப்பை ஒட்டிய தகரக் கொட்டகையில் முகாம். வெள்ளி பிற்பகல் இரண்டு மணிக்குப் போனபோது பதினான்கு குதிரைகள் வரிசையில் நின்றன. மூன்று பயிற்சி மருத்துவர்கள், ஒரு பேராசிரியர். மீரா ஒரு குதிரையின் பின்னங்காலைத் தூக்கித் தன் முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு குளம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்தெட்டு கிலோப் பெண். குதிரை நானூறு கிலோ இருக்கும். அது தன் பாரத்தை மெல்ல அவள் மேல் சாய்த்தது. அவள் நிமிராமலே இடுப்பால் ஒரு தள்ளு தள்ளி, “நேரா நில்லுடா” என்றாள். அது நேராக நின்றது.  இதே பெண் என் வீட்டில் கரப்பான்பூச்சிக்கு நாற்காலி மேல் ஏறியவள்.

மறுநாள் சனிக்கிழமை காலை 8.15. நான் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தேன். காதர் என்பவர் தன் குதிரையை இழுத்துக்கொண்டு வந்தார். செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைப் பொட்டு. பெண்குதிரை, பெயர் நூர். காதர் துபாயில் ஒன்பது வருடம் பந்தயக் குதிரை லாயத்தில் வேலை பார்த்தவர். ஊர் திரும்பி நூரை வாங்கி, பருவ காலத்தில் ஐந்தருவி வாகன நிறுத்தத்தில் பிள்ளைகளை ஏற்றிச் சவாரி விடுகிறார்.

“டாக்டரம்மா, விடியல்ல இருந்து நிலைகொள்ள மாட்டேங்கா. திரும்பித் திரும்பி வயித்தப் பாக்கா. கால வச்சு மண்ணத் தோண்டுதா.”

சொல்லும்போதே நூர் முன்னங்கால்களை மடித்துப் படுக்கப் பார்த்தது. குதிரைக்கு வயிற்றுவலி என்பது நமக்கு வருவது போல ஓமத் தண்ணீரில் தீரும் விஷயம் இல்லை என்று மீரா பிறகு எனக்கு விளக்கினாள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. உள்ளே அடைத்தால் அடைத்ததுதான். வலியில் புரண்டு குடல் முறுக்கிக்கொண்டால் உயிர் போய்விடும். அதனால் குதிரை மருத்துவரின் முதல் கேள்வி எப்போதும், கழிவு இறங்கியதா என்பதுதான்.

மீரா அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

“நேத்து வெளிய போச்சா அண்ணாச்சி?”

“போச்சே! சாயங்காலம் மட்டும் நாலு தடவ போச்சு.”

“கஷ்டப்படாம போச்சா?”

“கஷ்டமென்ன? ராணி மாதிரில்லா போச்சு!”

நான்கு முறை என்றால் நல்ல கணக்குதான் என்று அவள் படிவத்தில் எழுதினாள். பேராசிரியர் அப்போது மருந்து எடுக்கத் தென்காசிக்குப் போயிருந்தார். தொலைபேசியில் கேட்டுவிட்டு, அப்படியானால் வாயுவாக இருக்கும், வலிக்கு ஊசி போட்டு நடக்க விடுங்கள், நான் வந்துவிடுகிறேன் என்றார். ஊசி போட்டு அரை மணியில் நூர் அமைதியானது. சனிக்கிழமைக் கூட்டம் வந்துவிட்டதால் காதர் குதிரையைக் கொண்டுபோகத் துடித்தார். மீரா விடவில்லை. வயிற்றின் வலப்பக்கம் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து மறுபடி மறுபடி கேட்டாள். “நாலு தடவ போயிருந்தா சத்தம் இப்படிக் கம்மியா இருக்காதே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

9.20க்கு காதரின் மனைவி ஜைத்தூன் ஒரு வாளியில் தவிட்டுக் கஞ்சி எடுத்துக்கொண்டு வந்தாள். படிவத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மீரா, நாலு முறை போயும் ஏன் இப்படி என்று அவளிடம் கேட்டாள்.

“யாரு சொன்னா போச்சுன்னு?” ஜைத்தூன் வாளியைக் கீழே வைத்தாள். “நேத்து மத்தியானத்துக்குப் பொறவு ஒரு உருண்ட லத்தி போடல. லாயம் தொடச்சி வச்ச மாதிரி கெடக்கு. நான்தானே அள்ளுதேன், எனக்குத் தெரியாதா?”

“ஏட்டி, டாக்டரம்மா வெளிய போச்சான்னுல்லா கேட்டாவ! நாலு சவாரி போச்சுன்னு சொன்னேன்.”

“ஒம்பது வருசம் துபாயில குதிர பாத்த ஆளு! வெளிய போறதுக்கும் வெளிக்கிப் போறதுக்கும் வித்தியாசம் தெரியல.”

இந்த ஊரில் மலம் கழிப்பதற்கு ‘வெளிக்கி’ என்பார்கள். குதிரைக்கு என்றால் லத்தி என்று நேராகவே சொல்வார்கள். ‘வெளியே போனாயா’ என்பது யார் வீட்டு வழக்கு? என் வீட்டு வழக்கு. வெளிக்கி, லத்தி மாதிரிச் சொற்களை நான் படித்த கன்னிமாடப் பள்ளியில் எங்கள் வாயில் வரவிட மாட்டார்கள். நானும் மீராவின் வாயில் வரவிடவில்லை. பதினோரு வயதில் அவள் ஏதோ சொல்லிவிட்டாள் என்று ஒருநாள் சாப்பாட்டு மேசையை விட்டே எழுப்பி அனுப்பியிருக்கிறேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

மீரா என் பக்கம் திரும்பவே இல்லை. படிவத்தில் எழுதியதை அடித்துவிட்டு பேராசிரியருக்குப் போன் செய்தாள். “சார், நான் கேட்ட விதம் தப்பு. நேத்து மத்தியானத்துல இருந்து லத்தி போடல” என்றாள். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அந்த வயதில் அப்படிச் சொல்ல வந்திருக்காது. இந்த வயதிலும் சிரமம்தான்.

பாதி வழியில் இருந்த பேராசிரியர் இருபது நிமிடத்தில் வந்தார். தோள்வரை உறை மாட்டிக்கொண்டு பின்வழியாகக் கையை விட்டுப் பார்த்தார். பெருங்குடலில் கெட்டியாக அடைத்திருக்கிறது என்றார். மழையில் பச்சைப்புல் அறுக்க முடியாமல் ஒரு வாரமாகக் காய்ந்த வைக்கோல். குளிருக்குத் தண்ணீரும் சரியாகக் குடிக்கவில்லை.

“அஞ்சு மணி வரைக்கும் இங்கயே பாப்போம். அதுக்குள்ள லத்தி வந்தா தப்பிச்சா. வரலன்னா லாரியில ஏத்தி மருத்துவமனைக்கு. ஆபரேஷன்.”

“அம்புட்டுத் தூரம் தாங்குவாளா சார்?” என்று காதர் கேட்டார். பேராசிரியர் லாரிக்கு ஏற்பாடு செய்யச் சொன்னார்.

பிறகு மீரா செய்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். விரல் தடிமனுள்ள மூன்று மீட்டர் குழாயை நூரின் மூக்கு வழியாக உள்ளே விட்டாள். குழாய் நுரையீரலுக்குப் போய்விட்டால் ஊற்றும் மருந்தே குதிரையைக் கொன்றுவிடும். ஆகவே நூர் விழுங்கும் கணத்துக்காகக் காத்திருந்து, விழுங்கியதும் ஓர் அங்குலம், மறுபடி விழுங்கியதும் ஓர் அங்குலம். கழுத்தின் இடப்பக்கம் குழாய் இறங்குவதை இன்னொரு கையால் தொட்டுப் பார்த்தாள். மறுமுனையை வாயில் வைத்து ஊதினாள். இன்னொரு பயிற்சி மருத்துவர் வயிற்றில் காதை வைத்துக் குமிழிச் சத்தம் கேட்கிறது என்றார். மூன்று லிட்டர் பாரஃபின் எண்ணெய், பிறகு உப்புக் கலந்த வெதுவெதுப்பான தண்ணீர். அவ்வளவு பெரிய உயிர் தலையைத் தாழ்த்தி அவள் தோளில் வைத்துக்கொண்டு நின்றது. பேரருவி முன் நின்றது போலவே நின்றேன்.

அதன் பிறகு காத்திருப்பு. நடத்துவது, நிறுத்துவது, நாடி பார்ப்பது. காலையில் அறுபதாக இருந்த நாடி பன்னிரண்டு மணிக்கு ஐம்பத்திரண்டு. இரண்டு மணிக்கு இன்னொரு முறை குழாய். மூன்றரைக்கு லாரி வந்து கொட்டகை வாசலில் நின்றது. காதர் அதைப் பார்க்காமல் இருக்க முதுகைத் திருப்பிக்கொண்டார்.

“மீரா, ‘வெளியே போச்சா’ என்பது என்னுடைய சொல்” என்றேன்.

“தெரியும் அத்தை. ஆனா கேட்டது நான்தானே” என்றாள். ஸ்டெதாஸ்கோப்பை என் காதில் மாட்டி, “கேளுங்க” என்று நூரின் விலாவுக்குக் கீழே வைத்தாள். முதலில் ஒன்றுமில்லை. பிறகு எங்கோ ஆழத்தில், பெரிய பானையிலிருந்து தண்ணீர் கவிழ்வது போல் ஓர் ஓசை உருண்டு வந்தது. “வருதா?” என்றாள். தலையசைத்தேன்.

4.35க்கு நூர் வாலைத் தூக்கியது.

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள். நானும்தான். நான்கு உருண்டைகள், சிறியவை, கறுத்தவை, மேலே சளி போல ஒரு படலம். காதர் ஓடிப்போய் ஒன்றைக் கையிலேயே எடுத்துக்கொண்டு, “வந்துட்டுல்லா! வந்துட்டுல்லா!” என்று எல்லோரிடமும் காட்டினார். என்னிடமும் நீட்டினார். “பாருங்க ஆச்சி!” பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நன்றாகவே பார்த்தேன். மீரா இன்னொன்றை விரலால் உடைத்துப் பார்த்து, “ரொம்ப வறண்டிருக்கு, ஆனா பாதை திறந்துடுச்சு” என்றாள். ஐந்து மணிக்கு லாரி காலியாகத் திரும்பிப் போனது.

ஞாயிறு காலை ஊருக்குக் கிளம்பும் முன் போய்ப் பார்த்தேன். இரவுக்குள் ஆறு முறை, கடைசி மூன்று முறை எண்ணெயோடு என்று ஜைத்தூன் கணக்குச் சொன்னாள். நூர் ஊறவைத்த புல்லைக் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தது. பத்து நாள் சவாரி கிடையாது என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். பருவத்தின் நடுவில் பத்து நாள். காதர் சரி என்றார்.

குதிரை மருத்துவர் வேலை ஒரு பெண்ணுக்குத் தகுமா என்று என்னிடம் இனி யாரும் கேட்க வேண்டாம். அவர்களைக் கொண்டுபோய் அந்தக் கொட்டகையில் எட்டு மணி நேரம் நிற்க வைப்பேன்.

போகிறவர்களுக்குச் சில விவரங்கள். வார நாளில் போங்கள். சனிக்கிழமை ஐந்தருவிச் சாலையில் ஐந்து கிலோமீட்டருக்கு முக்கால் மணி ஆனது. வழுக்காத செருப்பு, இரண்டு செட் மாற்றுடை அவசியம். அருவிக்கு முன் எண்ணெய் தேய்த்துவிட ஆட்கள் வருவார்கள். வேண்டாம் என்று ஒரு முறை உறுதியாகச் சொன்னால் போதும். பிள்ளைகளைக் குதிரையில் ஏற்றுகிறவர்கள் அதற்கு நேந்திரங்காய் வறுவல், வேர்க்கடலை, போளி என்று எதையும் ஊட்ட வேண்டாம். ஒரு குதிரையில் ஒரு பிள்ளைதான்.

ஏறும் முன், இன்று தண்ணீர் குடித்ததா, லத்தி போட்டதா என்று அந்தச் சொல்லாலேயே கேளுங்கள். குதிரைக்காரர் சொல்லும் பதிலைக் கேட்டுக்கொள்ளுங்கள். பிறகு லாயத்தைக் கூட்டுவது யார் என்று விசாரித்து, அவரிடமும் ஒரு முறை கேட்டுவிட்டு ஏறுங்கள்.