தம்பியின் குரல் கிடந்த டிஸ்க்

என்னை ஒருவரும் கை தட்டிக் கூப்பிட்டதில்லை. பெற்ற ஐயாவும் இல்லை, கட்டினவரும் இல்லை. எங்கள் வளவில் கை தட்டுவது கோழி கலைக்க மட்டும்தான். இந்த வயதில் என் தம்பி, பாதி ஆயுளை லண்டனில் கழித்துவிட்டு வந்தவன், முற்றத்தில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு என்னைக் கை தட்டிக் கூப்பிடுகிறான். தேத்தண்ணிக்கு ஒரு மாதிரித் தட்டுவான், பேப்பருக்கு வேறொரு மாதிரி. நான் திரும்பாவிட்டால் மோதிரத்தால் கதிரைக் கையில் தட்டுவான். அது பல்லைக் கூச வைக்கிற சத்தம்.

அவனைக் குறை சொல்லவும் ஏலாது. தொண்டையில் புற்றுநோய் வந்து குரல்வளையை வெட்டி எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு துவாரம், அதுக்கு மேலே மெல்லிய துணி. மூச்சு அதாலேதான் போய் வருகிறது. மனைவி முன்னமே போய்விட்டாள், பிள்ளை இல்லை. என்னிடம் வந்து சேர்ந்தான். உடுவிலில் இந்த வீடு அம்மாவின் வீடு, எனக்குச் சீதனமாக வந்தது. அவன் பிறந்ததும் இதே வீட்டில்தான். அதனால் வா என்று நானும் சொல்லவில்லை, வரட்டோ என்று அவனும் கேட்கவில்லை.

சொல்ல வேண்டியதைச் சிலேட்டில் எழுதுவான். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். நான் கூட்டி முடிக்க முன்னம் அவன் அழித்துவிட்டு அடுத்ததை எழுதிவிடுவான். "பொறடா, நான் இன்னும் கத்தரிக்காயிலைதான் நிக்கிறன்" என்றால் தலையில் அடித்துக்கொள்வான். அடித்துக்கொள்ள வேண்டியவள் நான்.

என் மகள் யாழ்ப்பாணத்தில் கொம்பியூட்டர் வேலை செய்கிறவள். இதையெல்லாம் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவளும் அவள்தான். அவளைப் பற்றி எங்கேயாவது கூடுதலாகப் புகழ்ந்திருந்தால் அது என் வாயால் வந்ததில்லை. அவள் மாமனின் போனில் ஏதோ ஏற்றிக் கொடுத்தாள். எழுதினால் போன் வாசிக்குமாம். வாசித்தது. யாரோ ஒரு இந்தியாக்காரப் பெட்டையின் குரலில், "அக்கா, எனக்குத் தேநீர் வேண்டும்" என்றது. நான் சிரித்த சிரிப்பில் அவன் போனைக் கட்டிலில் எறிந்துவிட்டு அன்று முழுக்கக் கோபம் சாதித்தான். கதைக்க ஏலாதவன் கோபித்தால் எப்படித் தெரியும் என்கிறீர்களோ? கை தட்டவும் மாட்டான்.

அவனுடைய குரல் எங்கேயும் பதிந்து கிடக்கவில்லை. வீடியோ எடுக்கப் போனால் முகத்தைத் திருப்புகிற ஆள். கலியாண வீடியோவிலும் மேளச் சத்தம்தான் கேட்கும். ஒருநாள் எரிச்சலில் சொல்லிவிட்டேன்: "உன்ரை குரல் எப்பிடி இருந்ததெண்டே எனக்கு மறக்கப் போகுது. ஒருக்கா அக்கை எண்டு கூப்பிட்டுப்போட்டு வெட்டக் குடுத்திருக்கலாமெல்லோ?"

அவன் எழும்பிப் போய்ச் சூட்கேசைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தான். உள்ளே பளபளவென்று ஒரு டிஸ்க். சிலேட்டில் எழுதினான்: "இதுக்குள்ளை நான் இருக்கிறன்."

கதை இதுதான். லண்டனில் அவன் சமையல் வேலை செய்த கடைக்கு மேல்மாடியில், கொம்பியூட்டர் விளையாட்டுச் செய்கிற சில பொடியள் இருந்தார்களாம். அவர்களுடைய விளையாட்டில் ஒரு துறைமுகச் சந்தை வருகிறது. சந்தை இரைச்சலுக்குப் பல பாஷை வேண்டுமென்று சாப்பிட வந்த இடத்தில் இவனைப் பிடித்து, மைக்குக்கு முன்னால் நிறுத்தி, உன் பாஷையில் மீன் விற்கிறவன் மாதிரிக் கத்து என்றிருக்கிறார்கள். கத்தியிருக்கிறான். விளையாட்டு வெளிவந்ததும் ஒரு டிஸ்க் கொடுத்திருக்கிறார்கள். இதை என்னிடம் இவ்வளவு காலமும் சொல்லவில்லை. கேட்டால், மீன் வித்தது என்று சொன்னால் ஊரில் என்ன நினைப்பார்களாம்.

அந்த டிஸ்க்கை ஓட்டுகிற விளையாட்டு மெசின் இப்போது எங்கேயும் இல்லையாம். மகள் தன் கொம்பியூட்டரில் போட்டாள். அது டிஸ்க் வெறுமை என்று சொன்னது.

"வடிவாய்ப் போடு பிள்ளை" என்றேன்.

"வடிவாய்த்தானம்மா போட்டிருக்கிறன். உது சாதாரண டிஸ்க் இல்லை. எந்தெந்தப் பைல் எங்கையெங்கை கிடக்கெண்டு ஒரு அட்டவணை இருக்குமெல்லோ, அதை இவங்கள் வேறை மாதிரி எழுதி, வேறை இடத்திலை வைச்சிருக்கிறாங்கள். கொம்பியூட்டர் வழக்கமான இடத்திலை தேடிப்போட்டு ஒண்டுமில்லை எண்டுது."

"அப்ப மற்ற இடத்திலை தேடச் சொல்லன்."

"அதைத்தான் சொல்லப் போறன். ஆனா உந்த டிரைவ் கேக்காது. பழைய டிரைவ் ஒண்டு வேணும்."

டிரைவ் என்றால் டிஸ்க்கைச் சுழற்றி வாசிக்கிற பெட்டி. திருத்துகிற கடையொன்றில் ஒதுக்கிப் போட்ட குவியலுக்குள்ளிருந்து ஒன்றைப் பொறுக்கி வந்தாள். கறுத்து, தூசி பிடித்து, எங்கள் கோழிக்கூட்டில் கிடந்த மாதிரி ஒரு சாமான். அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்து, மூடியைக் கழற்றி, வயரைக் கொழுவினாள். அன்றிலிருந்து நாங்கள் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்து சாப்பிட்டோம்.

டிரைவ் சுழலும், இரையும், நிற்கும். திரும்பச் சுழலும். என்னதான் செய்கிறாய் என்று கேட்டால் எனக்கு விளங்காத மாதிரியே சொல்லுவாள். ஒருநாள் நான் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கு விளங்கிற மாதிரிச் சொன்னால்தான் இண்டைக்குச் சோறு" என்று நின்றுகொண்டேன்.

"சரியம்மா. இந்த டிரைவ் டிஸ்க்கை வாசிக்குது. வாசிச்சதைத் தன்ரை வாய்க்குள்ளை கொஞ்ச நேரம் வைச்சிருக்கும். பிறகு, 'உது எனக்குப் பழக்கமான பண்டம் இல்லை, பிழை' எண்டு துப்பிப்போட்டு, எங்களுக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லும். துப்ப முன்னம் வாய்க்குள்ளை கையை விட்டு எடுக்க வேணும். சும்மா கேட்டால் வாயைத் திறக்காது. அதுக்கு விளங்கிற எண்களாலை நேரடியாய்க் கட்டளை குடுக்க வேணும். அந்தக் கட்டளை எல்லா டிரைவுக்கும் விளங்காது. உந்தப் பழசுக்கு விளங்கும்."

"நீ குழந்தையாய் இருக்கேக்கை உனக்கு மருந்து குடுத்த மாதிரி" என்றேன். தம்பி காற்றாய்ச் சிரித்தான்.

விளங்கியதோடு எரிச்சல் கூடிவிட்டது. ஒரு கட்டளைக்கு ஒரு துளிதான் வருமாம். வந்ததும் குழம்பித்தான் வருமாம், அதைத் தெளிய வைக்க வேண்டுமாம். வேலையால் வந்தால் உடுப்பு மாற்றாமல் அதுக்கு முன்னால் போய் இருந்துவிடுவாள். "உதோடை கதைக்கிறதிலை காவாசி என்னோடை கதைச்சால் என்ன?" என்று கேட்டேன். "நீங்கள் சொன்ன சொல் கேக்கமாட்டியளம்மா, இது கேக்குது" என்றாள். கூசாமல் சொன்னாள்.

ஒருநாள் பின்னேரம் துள்ளி எழும்பினாள். அட்டவணை கிடைத்துவிட்டதாம். பைல்களின் பெயரும், அவை டிஸ்க்கில் தொடங்குகிற இடமும் வரிசையாக வந்து நின்றன. அதில் சந்தை என்று இங்கிலிசில் ஒரு பெயர்.

"கேக்கவிடு பாப்பம்" என்றேன்.

"பேர்தானம்மா இப்ப வந்திருக்கு. குரலை இனித்தான் எடுக்க வேணும்."

பெயரைக் கண்டதுக்கே இந்தத் துள்ளல். தம்பி மட்டும் அந்தப் பெயரையே பார்த்துக்கொண்டு நின்றான். தேத்தண்ணியை அவனுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தேன். அன்றைக்கு அவன் தட்டவில்லை.

அடுத்த நாள் அவன் தொண்டைமானாற்றுக்குச் சந்நிதி முருகனிடம் போய்விட்டான். வந்த நாள் தொடக்கம் அடிக்கடி போகிறவன்தான். வீட்டுக்குப் பக்கத்தில் எத்தனை கோயில் இருக்க ஏன் அவ்வளவு தூரம் என்று முன்னொருக்கால் கேட்டதுக்கு எழுதிக் காட்டினான்: "அங்கை பூசை செய்யிறவரும் வாயைத் துணியாலை கட்டி, மந்திரமில்லாமல்தான் செய்யிறார். நானும் அவரும் ஒரு கட்சி." எழுத்துக் கூட்டி முடித்து எனக்குச் சிரிப்பு வர முன்னம் ஆள் கேற்றடிக்குப் போய்விட்டான்.

சந்நிதியால் வந்தவன், மகள் வேலையில் நின்ற நேரம், டிஸ்க்கை எடுத்து, பளபளக்கிற பக்கத்தில் மூன்று குறியாகத் திருநீறு பூசி, பயபக்தியோடு திரும்ப டிரைவுக்குள்ளே வைத்திருக்கிறான். நான் பின்வளவில் முருங்கையிலை ஆய்ந்துகொண்டிருந்தேன். மகள் வந்தாள், இருந்தாள், கட்டளையைக் கொடுத்தாள். டிரைவ் ஒரு இருமல் இருமியது. பிறகு தேங்காய் துருவுகிற மாதிரி ஒரு சத்தம்.

"மாமா!"

அவள் போட்ட கத்தலில் நான் சுளகைப் போட்டுவிட்டு ஓடிவந்தேன். டிஸ்க் முழுக்கத் திருநீறு. பெட்டிக்குள்ளே வாசிக்கிற கண்ணிலும் திருநீறு. தம்பி சிலேட்டை நீட்டினான்: "எழுத முந்திப் பிள்ளையார் சுழி போடுறேல்லையோ?"

"எழுதத்தான் போடுறது, வாசிக்க இல்லை!" என்று அவள் அழுமாப்போல சொன்னாள். அவன் பதறிப்போய் டிஸ்க்கைப் பறித்து வேட்டித் தலைப்பால் வட்டமாகத் தேய்க்கத் தொடங்கினான். "வட்டமாய்த் தேய்க்காதேங்கோ, கீறும்!" என்று அவள் கத்த, நான் அவன் கையில் ஒன்று போட்டு டிஸ்க்கை வாங்கினேன். கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் வார்த்து, அவள் சொன்னபடி நடுவிலிருந்து ஓரத்துக்குப் பழைய பருத்திச் சேலைத் துண்டால் ஒற்றி எடுத்தேன். திருநீறு போனது. கீறல் போகவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தால் வளைவு வளைவாகத் தெரிந்தது.

"உந்தக் கீறல் இவன்ரை குரலுக்கு மேலையோ கிடக்கு?" என்று கேட்டேன்.

"வாசிச்சுப் பாத்தால்தான் தெரியும்" என்றாள்.

வேறொரு டிஸ்க்குக்கு எங்கே போவது? அந்தப் பொடியள் எங்கே என்று அவனுக்கே தெரியாது. முருகனையும் ஏச முடியாது, தம்பியையும் ஏச முடியவில்லை. அவன் முகம் அப்படி இருந்தது. ஏச ஆள் இல்லாமல் நான் முருங்கையிலையைத்தான் ஏசினேன்.

மகள் பஞ்சால் அந்தக் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சரிப்படுத்தினாள். சனிக்கிழமை காலமை திரும்பத் தொடங்கினாள். சில இடம் ஓடியது. சில இடத்தில் டிரைவ் நின்று, பின்னுக்குப் போய், அதே இடத்தைத் திரும்பத் திரும்ப முனகியது. எத்தனை தரம் கேட்டும் தராத இடமும் இருந்தது. தம்பி பேப்பரைப் பிடித்துக்கொண்டு இருந்தான். ஒரு பக்கமும் திருப்பவில்லை. மத்தியானம் அவள், "வந்தவரைக்கும் போட்டுப் பாப்பம்" என்றாள்.

போட்டாள். கிளிக்குஞ்சு கீச்சிட்ட மாதிரி ஏதோ வந்து போனது.

"இதுவோ என்ரை தம்பி? இதுக்கோ நான் குசினிக்குள்ளை குந்தியிருந்து சாப்பிட்டனான்?"

"பொறுங்கோம்மா, வேகம் கூடிப்போச்சு." எதையோ மாற்றினாள். திரும்பப் போட்டாள்.

"அக்கை! மீனைக் கிள்ளிக் கிள்ளிப் பாக்காதை! வாங்கிறதெண்டால் வாங்கு, இல்லாட்டித் தள்ளி நில்லு! பின்னாலை ஆக்கள் நிக்கினம்!"

அவன்தான். சளி கட்டின மாதிரி அந்தக் கரகரப்பு, 'அக்கை'யில் கடைசியை இழுக்கிற இழுவை, எல்லாம் அவன்தான். அதுக்குப் பிறகு கர்ர் என்று கீறல். அவ்வளவுதான். மிச்சம் கத்தினதெல்லாம் போய்விட்டது.

நான் அழவில்லை. நான் அழுதேன் என்று மகள் எழுத நினைத்தால் அது பொய். எனக்கு வந்தது ஆத்திரம். சின்ன வயதில் நானும் அவனும் சந்தைக்குப் போவோம். நான் மீனை அமத்திக் கிள்ளிப் பார்த்துத்தான் வாங்குவேன். மீன்காரர் என்னை ஏச, இவன் வெட்கத்தில் தள்ளிப் போய் நிற்பான். அதையெல்லாம் மனதில் வைத்திருந்து, லண்டனில் மைக்குக்கு முன்னால் போய் நின்று தீர்த்திருக்கிறான்.

"உலகத்திலை உனக்கு ஏச வேறை ஆளே கிடைக்கேல்லையோடா?"

அவன் சிலேட்டை எடுத்து எழுதினான். நான் கூட்டினேன். வே... றை... ஆ... ரை... அவன் அழிக்காமல் பிடித்துக்கொண்டு நின்றான். வந்த நாள் தொடக்கம் நான் முடிக்கும்வரை அவன் பொறுத்தது அன்றைக்குத்தான். "வேறை ஆரை எனக்கு ஏசத் தெரியும்."

இத்தோடு நிம்மதி என்று நினைத்தால், மகள் அந்தக் குரலை அவனுடைய போனில் ஏற்றிக் கொடுத்துவிட்டாள். ஒரு தட்டுத் தட்டினால் கத்தும். இப்போது அவன் கை தட்டுவதில்லை. தேத்தண்ணிக்கும் மீன், பேப்பருக்கும் மீன். மரக்கறி நாள் என்றும் பார்ப்பதில்லை. போன வெள்ளிக்கிழமை நான் முழுகி, சாமியறையில் விளக்கேற்றிக்கொண்டு நிற்க, முற்றத்திலிருந்து ஊருக்கே கேட்கிற மாதிரி, மீனைக் கிள்ளாதை என்கிறான். பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்னணை, உங்கை வெள்ளியிலையும் மீனோ?" என்கிறாள். அவளுக்கு டிஸ்க்கில் தொடங்கி டிரைவ், திருநீறு என்று எல்லாம் விளங்கப்படுத்தி முடிய என் சோறு குழைந்துவிட்டது.

சத்தத்தைக் குறைக்கச் சொன்னேன். கூட்டிவிட்டான். வேறு ஒன்றும் வராதோ என்று மகளைக் கேட்டேன். மிச்சமெல்லாம் கீறலுக்குள்ளே என்றாள்.

இதோ, இப்பவும் கத்துகிறான். எழும்பாவிட்டால் திரும்பவும் போனைத் தட்டுவான். பின்னாலை ஆக்கள் நிக்கினமாம். ஒருத்தரும் இல்லை, நான் ஒருத்திதான்.

"வாறன்ரா, வாறன். நான் ஒண்டையும் கிள்ளேல்லை."