ஷெரின் ஓடிய கசற்

மட்டக்களப்பு நகரில், திருமலை வீதியோரம் மேர்வினுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. ரேடியோ, ரீவி திருத்துவது தொழில். மனம் மட்டும் கடையின் பின்னறையில்தான் கிடந்தது. அங்கே அலுமாரி நிறையப் பழைய ரீவி கேம் பெட்டிகள், அவற்றில் செருகி விளையாடும் மஞ்சளும் கறுப்புமான கசற்றுகள். சனங்கள் குப்பையென்று ஒதுக்கியவற்றைத் தேடி வாங்கி வருவான். பித்தளைப் பற்களை அழிறப்பரால் தேய்த்து, ஊதி, செருகிப் பார்ப்பான். திரையில் படம் வந்துவிட்டால் அன்று முழுக்க அவன் முகம் மலர்ந்திருக்கும்.

போகப் போக, கசற்றைப் பிரித்து, தானே எழுதிய விளையாட்டை வேறொரு சிப்பில் ஏற்றிப் பொருத்தவும் பழகிக்கொண்டான். அதற்கான கருவியைக் கொழும்பில் போய் வாங்கினான். முதலில் செய்தது வாவியில் தோணி விடும் விளையாட்டு. வலை போட வேண்டும், முதலை வந்தால் விலக வேண்டும். அவன் மனைவி நிலானி விளையாடிப் பார்த்துவிட்டு, “மீனெல்லாம் செருப்பு மாதிரிக் கிடக்கு” என்று சிரித்தாள்.

அவர்களின் வீடு டச்பாரில், கடலுக்குக் கிட்ட. சுனாமி வந்தது நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள். அன்று இருவரும் நகரத்தில் நிலானியின் தாய் வீட்டில் இருந்ததால் தப்பினார்கள். போய்ப் பார்த்தபோது வீடிருந்த ஒழுங்கையே, அந்தச் சின்னத் தெருவே இல்லை. மணலும் ஒரு கிணற்றுக்கட்டும்தான். நகரத்துக் கடையில் ஒரு கசற்றுக்கும் சேதமில்லை.

“சனமெல்லாம் போயிட்டு, இந்தக் குப்பை மட்டும் மிஞ்சிக் கிடக்கு” என்றான் மேர்வின். மாதக்கணக்காகப் பின்னறையைத் திறக்கவேயில்லை.

திறந்தபோது அவன் கசற்றில் செய்யத் தொடங்கியது அழிந்துபோன அந்த ஒழுங்கையைத்தான். தண்ணீர்ப் பைப், பூவரச மரம், ஒவ்வொரு வீடாக. தப்பிய அயலவர்கள் வந்து, “எங்கட வாசல் படலை பச்சை, நீலமில்லை” என்று திருத்தினார்கள். அவனும் மாற்றினான்.

அப்படி ஒருநாள் செபஸ்தியம்மா வந்தார். நாலு வீடு தள்ளி இருந்தவர், இப்போது திராய்மடுவில், வீடிழந்தவர்களைக் குடியேற்றிய இடத்தில். கணவன் டொமினிக் அன்று வாவியில் தொழிலுக்குப் போயிருந்ததால் பிழைத்தான். ஒரே மகள் ஷெரினைக் கடல் கொண்டுபோய்விட்டது. உடலும் கிடைக்கவில்லை. படங்கள் எல்லாம் வீட்டோடு போய்விட்டன.

திரையில் தன் வீட்டைக் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, வாசல்ல ஒருத்தரையும் காணல்லையே.”

மேர்வின் அவர் இருக்க ஒரு கதிரையை இழுத்துப் போட்டான்.

“ஷெரினை வைக்க ஏலுமா?”

“இது சின்னச் சின்னக் கட்டங்கள் அக்கா. முகம் வராது.”

“முகம் வேணாம். அவள் ஓடுறது வந்தாக் காணும்.”

ஷெரின் எப்படி ஓடுவாள் என்பதைச் செபஸ்தியம்மா பின்னறையில் ஓடிக் காட்டினார். ஒரு கையால் சட்டையைத் தூக்கிப் பிடித்து, மற்றக் கையை வீசி. மேர்வின் கட்டங்களை மாற்றிக்கொண்டே இருந்தான். “இல்லத் தம்பி, தலை இன்னும் கொஞ்சம் பின்னுக்கு.” வாரக்கணக்கில் இது நடந்தது. ஒருநாள் திரையைப் பார்த்ததும் செபஸ்தியம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். “அவள்தான்.”

அதன்பிறகு ஞாயிறு பூசை முடிந்தால் வருவார். பொத்தானை அழுத்தினால் ஷெரின் வாசலிலிருந்து பைப்படிக்கு ஓடுவாள், திரும்பி வருவாள். வெல்லவோ தோற்கவோ அதில் ஒன்றுமில்லை. நிலானி தேத்தண்ணி கொண்டுவந்து வைப்பாள்.

பிறகு நாட்டில் சண்டை மறுபடி தொடங்கியது. ஆமியின் சுற்றிவளைப்புகள் கூடின. பக்கத்து ஊரில் ரேடியோ திருத்தும் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனார்கள், அவர் திரும்பவில்லை என்று கதை வந்தது.

“இஞ்சருங்க, உங்கட அறை முழுக்க வயரும் பற்றறியும் சிப்பும்” என்றாள் நிலானி. “அதுக்குள்ள ஒரு ரோட்டுப் படம் வேற. குண்டு செய்யிறமெண்டுதான் நினைப்பாங்க. இது விளையாட்டெண்டா ஆர் நம்புவாங்க?”

மேர்வின் பயந்துபோனான். கொம்பியூட்டரில் இருந்த ஒழுங்கை, தோணி விளையாட்டு எல்லாவற்றையும் அழித்தான். பிளொப்பிகளை உடைத்தான். சிப்பில் ஏற்றும் கருவியை வாவியில் போட்டான். ஒழுங்கைக் கசற்றின் சிப்பில் சின்னக் கண்ணாடி ஒன்று இருக்கும். அதை மூடிய தாளை உரித்து வெயிலில் வைத்தால் உள்ளே இருப்பது மெல்ல மெல்ல அழிந்துவிடும். கூரையில் வைத்தான். சில நாள் கழித்துச் செருகிப் பார்த்தபோது வீடுகள் அப்படியே நின்றன. ஷெரின் மட்டும் கட்டம் கட்டமாகச் சிதறிப் போயிருந்தாள். அவன் சிப்பை மறுபடி கூரையில் கொண்டுபோய் வைத்தான்.

செபஸ்தியம்மாவிடம், “பழுதாப் போச்சு அக்கா. சண்டை முடியட்டும், திரும்பச் செய்து தாறன்” என்றான்.

“அவசரமில்லத் தம்பி” என்றார் அவர்.

சில மாதங்களில் தேடுதலுக்கு வந்தார்கள். இளம் ஆமிக்காரன் ஒருவன் பின்னறைக்குள் எட்டிப் பார்த்து, டாங்கிகள் சுடும் பழைய கசற்றை எடுத்தான். “இது வேலை செய்யுதா?” என்று தெரிந்த தமிழில் கேட்டான். மேர்வின் செருகிக் கொடுத்தான். ஆமிக்காரன் துவக்கை மடியில் வைத்துக்கொண்டு நிலத்தில் சம்மணமிட்டு இருந்து விளையாடினான். தோற்றுப்போய்ச் சிரித்தான். “சின்ன வயசு, அண்ணா, நான், ரெண்டு பேர்” என்றான். வெளியே கூப்பிட்டதும் எழுந்து போய்விட்டான். ஒரு கசற்றையும் யாரும் பிரித்துப் பார்க்கவில்லை.

அன்றைக்குத்தான் மேர்வினுக்கு அந்த யோசனை வந்தது. அந்தக் கசற்றை அழிக்காமல் செபஸ்தியம்மாவிடமே கொடுத்திருக்கலாம். அவர் வீட்டில் அது வெறும் பிளாஸ்ரிக் பெட்டி. யாருக்கு என்ன தெரியப் போகிறது? அதைச் சொன்னதும் நிலானி அழுதாள். “நான்தானே சொன்னனான்” என்றாள். “கூரையில வச்சது நான்தானே” என்றான் அவன்.

சண்டை முடிந்த அடுத்த வருடம் வேறு கருவி வாங்கினான். ஒழுங்கை திரும்ப வந்தது, வீடுகளும் வந்தன. ஷெரின்தான் வரவில்லை. எந்தக் கையால் சட்டையைப் பிடிப்பாள்? தலை எவ்வளவு சாயும்? தெரிந்தமட்டும் செய்து, திராய்மடுவுக்குப் போய்ச் செபஸ்தியம்மாவைக் கூட்டி வந்தான்.

அவர் பொத்தானை அழுத்தி அழுத்திப் பார்த்தார்.

“அக்கா, கை இடதா, வலதா?”

முன்போல ஓடிக் காட்ட எழுந்தார். ஒரு எட்டு வைத்து நின்றுவிட்டார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் பார்த்தார்.

“எனக்கும் இப்ப வருகுதில்லத் தம்பி. உன்ட ரீவியில பார்த்துப் பார்த்து, அதுதான் அவள் எண்டு இருந்திட்டன். அதுக்கு முந்தி எப்பிடி எண்டு தெரியல்ல.”

மேர்வின் ரீவியை நிறுத்தக் கையை நீட்டினான்.

“இதுவும் வடிவாத்தான் இருக்கு” என்றார் செபஸ்தியம்மா. பிறகு நிலானியின் பக்கத்தில் போய் இருந்து, மழை பிந்தியதைப் பற்றிக் கதைத்தார்.

மேர்வின் அதற்குப் பிறகு கசற் செய்யவில்லை. பழையவற்றை இப்போதும் சேர்க்கிறான், கேட்டு வருகிறவர்களுக்கு விற்கிறான். தோணி விளையாட்டையாவது திரும்பச் செய்யுங்களேன் என்று நிலானி கேட்டால், “பார்ப்பம்” என்பான். டொமினிக்குக் கூடுதலாக இறால் பட்ட நாட்களில் செபஸ்தியம்மா ஒரு பையில் கொண்டுவருவார். தேத்தண்ணி குடிப்பார், ஊர்க்கதை எல்லாம் கதைப்பார். பின்னறைப் பக்கம் போவதில்லை. மேர்வினும் கூப்பிடுவதில்லை.