நாகஜோதியின் குண்டு பல்பு

வீரபாண்டியில், எங்கள் தெருவின் கடைசியில், ஒரு லைன் வீடு உண்டு. ஐந்து குடித்தனங்களுக்கும் எதிர்வீட்டில் இருக்கும் உரிமையாளர் மாரப்பனுக்கும் மெயின் சுவிட்ச் ஒன்றே. நடு வீட்டில் குடியிருப்பவள் நாகஜோதி. சங்கரன்கோவிலிலிருந்து பிழைக்க வந்தவள். பகலில் பனியன் கம்பெனியில் டெய்லர், மாலையில் சொந்த ஓவர்லாக் இயந்திரத்தில் தைப்பவள். அந்த இயந்திரம்தான் அவளுடைய ஒரே சொத்து.

சென்ற ஆண்டுக் கோடைமழையில், இடி முழங்கியதும் எல்லோருமாக மெயினை அணைத்தனர். அந்த நம்பிக்கையில் நாகஜோதி வேலைக்குப் போய்விட்டாள். கிரிக்கெட் பார்க்கும் அவசரத்தில் மாரப்பன் எவரையும் கேளாமல் அதைப் போட்டார். மின்னழுத்தம் எகிறியது. அவருடைய தொலைக்காட்சியை ஸ்டெபிலைசர் காத்தது. அவளுடைய இயந்திரத்தின் மோட்டார் போர்டு கருகியது.

அழுதுகொண்டு நின்றவளிடம், "மிசின் வெச்சிருக்கறவங்கதான் பாத்துக்கோணும், அம்மிணி," என்று சொல்லிவிட்டு அவர் உள்ளே போனார்.

அந்தச் சொல்லை அவள் மறக்கவில்லை. பழுதுபார்த்த இயந்திரத்தில் தைக்கும்போதெல்லாம் அது நெஞ்சில் குத்தியது. வாசலில் ஒரு குண்டு பல்பை மாட்டினாள். அதன்பின், காற்று எழுந்தாலே பெண்கள் எல்லாப் பிளக்குகளையும் பிடுங்கிவிடுவர். பல்பு மட்டும் இணைப்பில் இருக்கும். மின்சாரம் திரும்பியதும் அது மஞ்சளாக எரிந்தால் பிளக்கைச் செருகலாம். கண் கூசும்படி வெளுத்து எரிந்தால் தொடக்கூடாது.

"குண்டு பல்பு ஜோசியமுங்களா?" என்று மாரப்பன் நகைத்தார்.

இந்த மே மாதத்துப் புயற்காற்றில் தென்னைமட்டை விழுந்து தெரு மின்கம்பிகளில் நியூட்ரல் கம்பி அறுந்தது. சற்று நேரத்தில் திரும்பிய மின்சாரத்தில் பல்பு வெள்ளையாகத் தகித்தது. பெண்கள் பிளக்குகளைத் தொடவில்லை.

காதர்பேட்டையிலிருந்து தலையில் துண்டைப் போட்டுக் குனிந்தபடி, பல்பை நிமிர்ந்தும் பாராமல், நனைந்துகொண்டு வந்தார் மாரப்பன். உள்ளே அவருடைய புதிய, பெரிய தொலைக்காட்சி இருந்தது. அதற்கு ஸ்டெபிலைசரே வேண்டாமென்று கடைக்காரர் சொல்லியிருந்தார்.

"ஏனம்மிணி, கரண்டு வந்துருச்சா?"

பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் வாயைத் திறந்தாள். நாகஜோதி அவள் கையைக் கிள்ளினாள்.

"வந்துட்டு அண்ணாச்சி."

அவர் உள்ளே போனார். படீரென்று ஓர் ஒலி கேட்டது. கருகல் நெடி வாசல்வரை வந்தது.

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமல்ல?" என்று கத்திக்கொண்டே வெளியே வந்தார்.

"டிவி வச்சிருக்கவங்கதான் பாத்துக்கிடணும், அண்ணாச்சி."

"ஜோசியம் பலிச்சிட்டுல்லா!" என்றாள் செல்லத்தாய்.

மறுநாள் மாலைக்குள் மின்வாரியத்தார் கம்பியைச் சரிசெய்தனர். பல்பு மஞ்சளாக எரிந்தது. நாகஜோதி பிளக்கைச் செருகினாள், இயந்திரம் உயிர்பெற்றது. மாரப்பன் வீட்டைப் பார்த்த சன்னலை விரியத் திறந்துவைத்துவிட்டு அமர்ந்தவள், ஊர் அடங்கும்வரை மிதிகட்டையிலிருந்து காலை எடுக்கவேயில்லை.